மௌத்துக்குப் பயப்படுற பிள்ளைகிட்ட ஈமானை அளக்காதீங்க

மௌத்தை, அதான் சாவை, நெனச்சு நெனச்சு ராத்திரி தூக்கமே வரலைன்னு ஒரு வயசுப் பிள்ளை சொன்னா, எங்க பக்கத்துல முதல் கேள்வி, "அஞ்சு வக்தும் தொழுவுறியா?" தொழுவுறேன்னு சொன்னா, "குர்ஆன் ஓதுறியா?" அதுவும் ஓதுறேன்னா, "அப்ப மனசு ஒன்றி ஓதலபோல." அதுக்கு மேல அந்தப் பிள்ளை வாயைத் தொறக்காது. இனிமே யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு முடிவு பண்ணிரும். பயத்தோட வந்த பிள்ளை, ஈமான் (இறைநம்பிக்கை) இல்லாதவன்ங்கிற பேரையும் சேர்த்துச் சுமந்துக்கிட்டுப் போகும்.

போன வாரம் கீழக்கரையில ஒரு கல்யாண வீட்டுல இதே விசாரணை என் கண்ணு முன்னாடி நடந்துச்சு. பெரியவங்க நடுவுல பேச முடியல. அதான் இங்க எழுதுறேன். நீளமாத்தான் இருக்கும்.

எனக்கு இந்தப் பயம் காலேஜ் முடிச்ச வருஷம் வந்துச்சு. இன்ன காரணம்னு ஒண்ணைக் காட்ட முடியல. வாப்பா கல்ஃப்ல இருந்தாங்க, வீட்டுல கஷ்டம் ஒண்ணும் இல்ல. திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், கைவிரல் மரத்துப்போகும், இதுதான் சகராத்து, உயிர் பிரியுற வேதனைன்னு நான் ஈமானைச் சொல்ற கலிமாவைச் சொல்ல ஆரம்பிச்சிருவேன். சரியா சொன்னேனான்னு சந்தேகம் வரும், மறுபடி சொல்வேன், மறுபடியும். படுக்கும்போது "அல்லாஹும்ம பிஸ்மிக அமூத்து வஅஹ்யா"ன்னு சின்ன வயசுலேருந்து ஓதிட்டுத் தூங்குன பிள்ளைதான் நான். உன் பேரால மௌத்தாகுறேன், உன் பேரால உயிர் வாழுறேன். அந்த துஆவை ஓதவே பயந்துபோய், ஓதாம தூங்குனா என்னாகுமோன்னு அதுக்கும் பயந்து, விடியக்காலைத் தொழுகைக்குக் கூப்பிடுற சுபுஹு பாங்கு வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

எங்க ஊர்ப் பக்கம் பள்ளிவாசல் மைக்கை பாங்கு நேரம் இல்லாத நேரத்துல ரெண்டு தட்டு தட்டுனா வஃபாத் (இறப்பு) அறிவிப்புன்னு எல்லாருக்கும் தெரியும். உம்மா அடுப்பைக் குறைச்சிட்டு ஜன்னல் பக்கம் காது கொடுப்பாங்க. யார் வாப்பா, யார் மாமியார், ஜனாஸா எந்த வக்துக்கு. நான் பாத்ரூமுக்குள்ள ஓடிப்போய்க் குழாயைத் தொறந்து விட்டுருவேன். தண்ணி வாளியில விழுற சத்தத்துல பேர் காதுல விழாதுன்னு. பல நாள் கழிச்சுத்தான் உம்மா கவனிச்சாங்க, மைக் தட்டுறப்போ எல்லாம் இவ ஏன் குளிக்கப் போறான்னு.

சரி, ஈமானுக்கு வருவோம்.

"அல்லாஹ்வைச் சந்திக்க விரும்புகிறவரை அல்லாஹ்வும் சந்திக்க விரும்புகிறான், வெறுக்கிறவரை அவனும் வெறுக்கிறான்"னு நபி (ஸல்) அவர்கள் சொன்னப்போ, அவங்க மனைவி ஆயிஷா (ரலி) ஒரு கேள்வி கேட்டாங்க. மௌத்தை வெறுக்குறதைச் சொல்றீங்களா? நாங்க எல்லாருமே மௌத்தை வெறுக்கத்தானே செய்றோம்? அதுக்கு நபியவங்க "உங்க ஈமான் பத்தல"ன்னு சொல்லல. அதில்ல நான் சொல்றதுன்னு சொல்லி, ஈமான் உள்ள முஃமினுக்குக் கடைசி நேரத்துல அல்லாஹ்வோட ரஹ்மத்தை (அருளை)ப் பத்திச் சுபச்செய்தி கிடைக்கும், அப்ப அவர் அவனைச் சந்திக்க விரும்புவார்னு விளக்கினாங்க. இது 'முஸ்லிம்'ங்கிற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புல இருக்கு. ஆயிஷா நாயகி வாய்விட்டுக் கேட்டதை நம்ம வீட்டுப் பிள்ளை கேட்டா ஏன் முறைக்கிறோம்?

இன்னொருத்தர் பெரிய மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி. மௌத்தை நினைவுகூர்றதைப் பத்தி அவரை மாதிரி எழுதினவங்க குறைவு, நம்ம பள்ளிவாசல் ஹஜ்ரத்மாரும் பயான்ல, அதான் மார்க்கப் பேச்சுல, அவரைத்தான் மேற்கோள் காட்டுவாங்க. அதே கஸ்ஸாலி 1095ல பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவுல பாடம் நடத்திக்கிட்டிருந்தப்போ நாக்கு கட்டிப்போச்சு. ஒரு வார்த்தை வரல, சாப்பாடு இறங்கல. ஹக்கீம்கள் வந்து பார்த்துட்டு, இது மனசுல ஆரம்பிச்சு உடம்புக்குப் பரவுனது, மனசுல உள்ள பாரம் இறங்காம உடம்புக்கு வைத்தியம் பலிக்காதுன்னு கையை விரிச்சிட்டாங்க. இதையெல்லாம் அவரே எழுதி வெச்சிருக்கார். அவர்கிட்ட போய் அஞ்சு வக்து தொழுவுறியான்னு கேப்பமா?

"ஆசைகளை முறிக்கும் மரணத்தை அதிகம் நினைவுகூருங்கள்"ங்கிற ஹதீஸை நான் மறுக்கல. ஆனா அது யாருக்கு மருந்து? கடனைத் திருப்பிக் கொடுக்காம ஏமாத்துறவனுக்கு, ராத்தா தங்கச்சி பங்கை அமுக்குறவனுக்கு, ஊரையே தனக்குன்னு எழுதிக்க நெனைக்கிறவனுக்கு. அவங்க நல்லாத் தூங்குறாங்க. பயான் கேட்டு நடுங்குறது பன்னெண்டு வயசுப் பிள்ளை. அதுலயும் இப்ப வாட்ஸ்அப்ல வர்ற வீடியோக்கள் இருக்கே, கபுருக்குள்ள, அதான் புதைகுழிக்குள்ள, கம்ப்யூட்டர்ல வரைஞ்ச பாம்பு, பின்னாடி ஒரு அலறல். இதைக் குடும்ப குரூப்ல போடுறது யாருன்னு பார்த்தா, விடியக்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு எந்திரிச்ச ஏதாவது ஒரு மாமா. குர்ஆனோட 114 சூராவுல (அத்தியாயம்) 113 சூரா அர்ரஹ்மான், அர்ரஹீம், அதாவது அருளாளன், அன்புடையோன்னு ஆரம்பிக்குது. நம்ம பயான்ல அல்லாஹ்வோட அந்த ரெண்டு திருநாமமும் கடைசி துஆவுலதான் வருது. நபியவங்க வஃபாத்துக்கு மூணு நாள் முன்னாடி சொன்னதா நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறாங்க: அல்லாஹ்வைப் பற்றி நல்லெண்ணம் வைத்த நிலையிலன்றி உங்களில் எவரும் மரணிக்க வேண்டாம். இதை வீடியோவா யாரும் போட்டு நான் பார்த்ததில்ல.

எனக்கு முதல்ல உதவுனது ஆலிமும் இல்ல, டாக்டரும் இல்ல. எங்க பெரியவாப்பா. அந்தக் காலத்துல பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிச்சவங்க. நான் திண்ணையில மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டிருந்ததைப் பார்த்துட்டு, ஓது தொழுன்னு ஒண்ணும் சொல்லல. "தண்ணிக்குள்ள பயந்தவனுக்கு மூச்சு பாதியிலயே தீர்ந்துரும் புள்ள. இழுக்காத. விடு. மெதுவா விடு. உள்ள வர்றது தானா வரும்"னாங்க. பக்கத்துலயே உட்கார்ந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டிருந்தாங்க, வேற பேச்சே இல்ல.

அவங்க சொன்னது எவ்வளவு சரின்னு அப்புறம் டாக்டர் சொல்லித்தான் புரிஞ்சது. பயத்துல வேகவேகமா மூச்சு வாங்கும்போது ரத்தத்துல கார்பன் டைஆக்சைடு குறைஞ்சுபோகுது. விரல் மரக்குறது, உதடு மதமதன்னு ஆகுறது, தலை கிறுகிறுக்குறது எல்லாத்துக்கும் அதுதான் காரணம். நமக்கோ இன்னும் காத்து பத்தலைன்னு தோணும், இன்னும் இழுப்போம், இன்னும் மரக்கும். பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிட்டு இறங்கிரும். இதுக்குப் பேனிக் அட்டாக்னு பேர். உயிர் போற மாதிரியே இருக்கும், ஆனா உயிர் போகாது. நெஞ்சுவலின்னு வந்தா ஒரு தடவை ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்துக்கணும், அதுல அலட்சியம் கூடாது. பார்த்து ஒண்ணுமில்லைன்னு ஆனப்புறமும் தினம் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரல்ல மாட்டிக்கிட்டு உட்கார்ந்தா அதுதான் பயத்துக்குத் தீனி. ஒவ்வொரு தடவை பார்த்து நிம்மதி ஆகுறப்பவும், ஏதோ ஆபத்து இருந்ததாலதான் பார்த்தோம்னு மனசுல பதியுதாம். நான் கலிமாவைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்ததும் இதே கணக்குதான்னு டாக்டர் சொன்னப்போ எனக்குச் சுருக்குன்னுச்சு.

டாக்டர்னா மனநல டாக்டர். ராமநாதபுரத்துல. அதைச் சொன்னதும் உம்மா அழுதுட்டாங்க. அந்த அழுகைக்குக் காரணம் ஏர்வாடி, மனநோயாளிகளைக் கூட்டிட்டு வர்ற தர்கா ஊர். எங்க கடற்கரையில "உன்ன ஏர்வாடிக்குத்தான் கொண்டு போகணும்"ங்கிறது பிள்ளைங்க சண்டையில வர்ற வசவு. 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலையில அங்க ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சப்போ, சங்கிலியில கட்டிப் போட்டிருந்தவங்க ஓட முடியாம 28 பேர் கருகிப்போனாங்க. உம்மா தலைமுறைக்கு மனசுக்கு வைத்தியம்னாலே கண்ணுல அந்தச் சங்கிலிதான் தெரியும். அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா காலம் மாறியிருக்கு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியால கட்டக்கூடாது. அதே ஏர்வாடியில துஆவோட சேர்த்து அரசு டாக்டர்கள் மருந்தும் கொடுக்குற 'தவா - துஆ' திட்டம் வந்திருக்கு. தர்கா ஜியாரத்துக்கு வர்றவங்க மாத்திரையும் வாங்கிட்டுப் போறாங்க. நோய்க்கு மருந்து தேடுங்கன்னு சொன்ன நபியோட உம்மத்துக்கு இதுல என்ன கூச்சம்?

டாக்டரம்மா சொன்ன வழி எனக்குப் பிடிக்கவே இல்ல. எதைக் கண்டு ஓடுறியோ அது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாப் போ. முதல்ல மைக் தட்டுறப்போ குழாயை மூடி வை, அறிவிப்பை முழுசாக் கேளு. அவ்வளவுதான். அதுக்கே எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு.

அப்புறம் எங்க உம்மம்மா மௌத்தானாங்க. அதுக்கு முன்னாடி எந்த மையித்தையும் (சடலத்தையும்) நான் கிட்டப் போய்ப் பார்த்ததில்ல. குளிப்பாட்ட வந்த பெரியம்மா ஒருத்தங்க திரைக்கு வெளிய என்னைப் பார்த்து, "பேத்தியாமா? முடி பின்னத் தெரியும்ல, உள்ள வா"ன்னு கூப்பிட்டுட்டாங்க. போனேன். வெதுவெதுப்பான தண்ணி, அதுல இலந்தை இலை. வலது பக்கத்துலேருந்து ஆரம்பிச்சாங்க. பெண்கள் பேசிக்கிட்டதெல்லாம் தண்ணி சூடு சரியா இருக்கா, துண்டு எங்கங்கிறதுதான். கையைத் தூக்கும்போது ஒருத்தங்க, "மெல்ல, மெல்ல, அவங்களுக்கு நோவும்"னாங்க. நான் முடியை மூணாப் பிரிச்சுப் பின்னினேன். நுனியில இன்னும் பெருநாளைக்குப் போட்ட மருதாணிச் சிவப்பு இருந்துச்சு. கடைசித் தண்ணியில கற்பூரம். அஞ்சு துணியில கபன் சுத்துனாங்க.

குளிப்பாட்டுற இந்த முறை உம்மு அத்திய்யா (ரலி) அவங்க அறிவிச்ச ஹதீஸ்ல இருக்கு. நபியவங்களோட மகள் ஸைனப் (ரலி) வஃபாத்தானப்போ குளிப்பாட்டுன பெண்கள்ல அவங்களும் ஒருத்தங்க. ஒற்றைப்படையாக் குளிப்பாட்டுங்க, இலந்தை போடுங்க, முடிவுல கற்பூரம்னு எல்லாம் சொல்லிட்டு, நபியவங்க தன்னோட இடுப்புத் துணியைக் கொடுத்து, இதை அவளோட மேனியை ஒட்டிப் போடுங்கன்னு சொன்னாங்க. ஒரு வாப்பா. அந்த வீடியோக்கள்ல இந்த வாப்பா ஏன் வரலைன்னு எனக்கு ஆத்திரமா வருது.

அன்னைக்கு ராத்திரியும் பயம் வந்துச்சு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் பயந்தது உம்மம்மாவுக்கு நடந்த எதையும் இல்லைன்னு அப்பத் தெரிஞ்சது. எல்லாருக்கும் இது ஒத்துவரும்னு சொல்லல. பயத்துல இருக்குற பிள்ளையை இழுத்துட்டுப் போய் மையித்துக்குப் பக்கத்துல நிறுத்திறாதீங்க. டாக்டர்கிட்டக் கேட்டுக்கங்க. போக முடியாதவங்களுக்கு டெலிமானஸ் 14416 இருக்கு. காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். சாவைப் பத்தின பயம் போய் சாகணும்னே தோணிச்சுன்னா விடியட்டும்னு காத்திருக்காம உடனே கூப்பிடுங்க.

ஹஜ்ரத்மாருக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல என்னைக்காவது ஒரு நாள், மனசு நோவுக்கு டாக்டர்கிட்டப் போறது தவக்குலுக்கு, அதான் அல்லாஹ் மேல பொறுப்பை விடுறதுக்கு, எதிரானது இல்லைன்னு மிம்பர் மேடையிலேருந்து சொல்லுங்க. நாங்க ஆயிரம் போஸ்ட் போட்டாலும் உம்மாமார் உங்க வாயால வந்தாத்தான் கேப்பாங்க.

மாத்திரை எடுத்தியான்னு இன்பாக்ஸ்ல கேக்கப் போறவங்களுக்கு: எடுத்தேன். நோன்பு வந்தப்போ டாக்டரம்மாகிட்ட முன்கூட்டியே சொன்னேன், இஃப்தாருக்கு அப்புறம் போடுற மாதிரி நேரத்தை மாத்திக் கொடுத்தாங்க. நோன்பும் விடல, மாத்திரையும் விடல. நானா நிறுத்தல, அவங்க சொல்லி மெதுமெதுவாக் குறைச்சு நிறுத்தினேன். உங்க வீட்டுப் பிள்ளை மாத்திரை சாப்பிட்டா, பெருநாளைக்கு வர்ற விருந்தாளிகிட்ட அதைச் சொல்லிக்கிட்டிருக்காதீங்க.