இலவசச் சோற்றுக்கும் சுகாதார விதி வேண்டும்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற நம் நகரங்களில் பஸ் நிலையத்திலும் கடை வாசலிலும் படுத்துறங்குகிறவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிமாரையும் தங்கைமாரையும் நான் மனதார மதிக்கிறேன். அந்த மதிப்போடுதான் இதை எழுதுகிறேன். சமைப்பவர், பார்சல் கட்டுபவர், கொடுப்பவர் என எல்லோரையும் கட்டுப்படுத்தும் உணவுச் சுகாதார விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும். அவற்றை அந்தந்தப் பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரே கற்றுத்தர வேண்டும். இதைச் சொன்னதும், "பசித்தவனுக்குச் சோறு போடுவதற்கும் சட்டமா?" என்று கோபிக்கிறார்கள். அவன் பசித்தவன் என்பதால்தான் கேட்கிறேன்.

வீடுள்ள ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மலசலகூடம் இருக்கிறது, ஆறவைத்த கொதிநீர் இருக்கிறது, இழந்த நீரை ஈடுசெய்யும் ஜீவனித் தூளைக் கரைத்துக் கொடுக்க ஓர் ஆள் இருக்கிறது. தெருவில் படுப்பவருக்கு இவற்றில் ஒன்றுமில்லை. பொது மலசலகூடத்துக்குக் காசு வேண்டும், இரவில் அதுவும் பூட்டியிருக்கும். அவர்களில் பலர் வயது போனவர்கள், நீரிழிவோடும் நாட்பட்ட இருமலோடும் காலம் தள்ளுகிறவர்கள். நமக்கு இரண்டு நாள் அவஸ்தையாகப் போகும் நோய் அவர்களை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும். கடையில் வாங்கிய சோறு கெட்டிருந்தால் திரும்பிப்போய்ச் சண்டை பிடிக்கலாம். நாம் கொடுத்த பார்சலைப் பற்றி அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

சோறு ஊசிப்போனால் வாசனையிலேயே தெரிந்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். எல்லா நேரமும் அப்படித் தெரிவதில்லை. அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் சோறு வேகும் கொதியிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது, மணமும் காட்டாது. சாப்பிட்ட சில மணித்தியாலங்களிலேயே வாந்தி தொடங்கிவிடும். விடியற்காலை நான்கு மணிக்குக் கிடாரத்தில் ஆக்கி, ஏழு மணிக்குச் சுடச்சுடப் பார்சல் கட்டி, பெட்டியில் அடுக்கிப் பகல் பன்னிரண்டரைக்குக் கொடுக்கும் நம் வழக்கம் இதற்கு மிகவும் தோதானது. சமைத்த உணவை 5 பாகை செல்சியசுக்குக் கீழே அல்லது 60 பாகைக்கு மேலே வைத்திருக்க வேண்டும், சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. "நம்ம ஊர்க் குளிருக்கு ஒன்றும் ஆகாது" என்பதையும் அடிக்கடி கேட்கிறேன். நுவரெலியாவின் பகல் குளிர்கூட 20 பாகையை ஒட்டியதுதான். அதோடு பெரிய கிடாரத்தின் மேற்பரப்பு ஆறினாலும் நடுச்சோறு நெடுநேரம் சூடு விடாது. தேங்காய்ப்பால் விட்ட பருப்பும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் இன்னும் வேகமாகக் கெடும்.

கொடுப்பவர்கள் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. பஸ் நிலையத்து வாங்கில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் பார்சலை விரித்துப் பாதியைச் சாப்பிடுகிறார். மீதியை அதே தாளில் மடித்து, துணிப்பைக்குள் சட்டைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். அது இரவுச் சாப்பாடு. அடுத்த வேளை நிச்சயமில்லாத எவரும் அப்படித்தான் செய்வார், அதில் அவர் குற்றம் எதுவுமில்லை. ஆகவே நாம் போடும் கணக்கு அவர் கையில் கொடுக்கும் நேரத்தோடு முடியக்கூடாது. உடனே சாப்பிடும்படி சொல்லிக் கொடுக்க வேண்டும். இரவுக்கென்று கெடாத ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கையுறை போட்டால் போதும் என்ற எண்ணமும் தவறானது. காசு வாங்கி, போனைத் தொட்டு, அதே கையுறையோடு அப்பளம் எடுத்து வைப்பதைவிட, சவர்க்காரம் போட்டுக் கழுவிய வெறுங்கை எவ்வளவோ மேல். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரை மழைக்காலத்தில் கொதிக்கவைக்காமல் சம்பலுக்கோ சலாதுக்கோ பயன்படுத்தக்கூடாது. வயிற்றுப்போக்கு வந்தவர், அது முற்றாக நின்று 48 மணித்தியாலம் கழியும்வரை சமையல் பக்கம் வரக்கூடாது. அவர் எவ்வளவு ஆர்வமுள்ளவராக இருந்தாலும் சரி.

நமது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் விற்பனையோடு நின்றுவிடவில்லை, உணவு விநியோகத்தையும் சேர்த்தே பேசுகிறது. வெசாக் காலத்தில் எல்லோருக்கும் இலவசமாக உணவு வழங்கும் தன்சல்களைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதியச் சொல்கிறார்கள், பரிசோதகர்களும் போய்ப் பார்க்கிறார்கள். தன்சலில் சாப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் திரும்பிப்போக ஒரு வீடு இருக்கிறது. அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு வீடே இல்லாதவருக்கு ஏன் கூடாது? விதி வந்தால் சின்னக் குழுக்கள் பயந்து விலகிவிடும் என்ற கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் கட்டணமோ அனுமதிப்பத்திர அலைச்சலோ வேண்டாம் என்கிறேன். தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாளும், அரைநாள் பயிற்சியும், யார் எத்தனை மணிக்குச் சமைத்தார் என்று எழுதிவைக்க ஒரு கொப்பியும் போதும். பயிற்சியைத் தமிழிலேயே நடத்துமாறு கேட்க நமக்கு உரிமை இருக்கிறது, கேட்போம்.

நேரத்துக்குள் கொண்டுபோக முடியாது என்று தெரிந்த நாளில் சோற்றுக்கு உலை வைக்காதீர்கள். கோதுமை ரொட்டி, வாழைப்பழம், மூடி திறக்காத ஒரு தண்ணீர்ப் போத்தல் கொடுங்கள். பழத்தை அப்போதே சாப்பிட்டு ரொட்டியை இரவுக்கு வைத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள்.