விபத்து என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை

சனிக்கிழமை காலை தீனி வைக்கப் பறவைக் கூண்டுக்குள் நுழைந்தேன். கூடையை விட்டு அன்றுதான் வெளியே வந்த மூன்று குஞ்சுகள் கொய்யாக் கொம்பில் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தேன். நடுவில் இருந்த குஞ்சின் தொண்டையில், துடைத்த பிறகும் மிச்சமிருக்கும் குங்குமம் போல ஒரு மங்கிய சிவப்புக் கீற்று. நெற்றியிலும் அதே சிவப்பு லேசாகப் படிந்திருந்தது. கட்த்ரோட் ஃபிஞ்ச் என்ற சிறு குருவியில் ஆணுக்குத் தொண்டையின் குறுக்கே சிவப்புப் பட்டை உண்டு, தலையில் சிவப்பு கிடையாது. அதன் உறவான ரெட்ஹெட் ஃபிஞ்சில் ஆணுக்குத் தலை சிவப்பு, தொண்டையில் அந்தப் பட்டை கிடையாது. இரண்டும் ஒரே உடம்பில் தெரிந்தால், இரண்டு இனமும் கலந்திருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குளிர்காலத் தொடக்கத்தில் என் ரெட்ஹெட் ஆண் செத்துப்போனது. பெட்டை தனியாக நின்றது. அதே கூண்டில் துணையில்லாத ஓர் ஆண் கட்த்ரோட் இருந்தது. அடுத்த மாதம் ஜோடி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அதற்கடுத்த மாதமும் அப்படியே நினைத்தேன். இடையில் இருவரும் ஒரே கூடைக்குள் போய் வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். இதை எந்த வாயால் விபத்து என்பது?

அமடினா பேரினத்தில் உலகத்திலேயே இந்த இரண்டு இனங்கள்தான் உண்டு. ரெட்ஹெட் கலஹாரி, நமீபியா, ஃப்ரீ ஸ்டேட் பக்கத்து வறண்ட நிலத்துக்காரர். கட்த்ரோட் இங்கே தென்னாப்பிரிக்காவில் லிம்போப்போ, க்ரூகர் பக்கத்து முள்மரக் காட்டுக்காரர். இரண்டுமே தூக்கணாங்குருவி கைவிட்ட கூட்டில் முட்டையிடும் பழக்கம் உள்ளவை. காட்டில் தன் இனத்துத் துணை நூறு கிடைக்கும்போது அடுத்த இனத்தை எதற்குத் தேடப்போகிறது? என் கூண்டு பதினைந்தடி நீளம். அதற்குள் அந்தப் பெட்டைக்கு நான் விட்டுவைத்த மாப்பிள்ளை ஒன்றே ஒன்று. தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பறித்தவன் நான். பிறகு அது தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று அதன்மேல் பழி போடுவது நியாயமே இல்லை.

கலப்புக் குஞ்சு மலடுதானே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி நம்பி இருந்துவிட முடியாது. 1922-ல் ஹால்டேன் என்ற உயிரியலாளர் ஒரு விதியை எடுத்துச் சொன்னார். பறவைகளுக்கு அதைப் பொருத்திப் பார்த்தால், கலப்பில் பெட்டைதான் பெரும்பாலும் மலடாகும். ஆண் பல நேரங்களில் இனவிருத்தி செய்யும். அந்த ஆண் தாய் இனத்துப் பெட்டையோடு சேர்ந்தால், இரண்டு தலைமுறை கழித்துப் பிறப்பதைக் கண்ணால் பார்த்து இனம் பிரிக்க முடியாமல் போகலாம். அந்த இடத்தில்தான் எனக்குப் பயம். உருவம் ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

நானே இதில் ஏமாந்தவன். ஒரு வியாபாரியிடம் லாங்டெயில் ஃபிஞ்ச் என்ற நீள்வால் ஆஸ்திரேலியக் குருவி ஜோடி வாங்கினேன். அசல் என்று சத்தியம் செய்து கொடுத்தார். இரண்டாம் தலைமுறையில் வால் குட்டையாகவும், அலகு அழுக்கேறிய கறுப்பாகவும் குஞ்சுகள் வந்தன. எங்கோ ஒரு கூண்டில் அதன் உறவான, குட்டை வாலும் கறுப்பு அலகும் உள்ள பிளாக்த்ரோட் ஃபிஞ்ச் கலந்திருக்கிறது, யாரோ சொல்லாமல் விற்றிருக்கிறார். ஆஸ்திரேலியா 1960-ல் தன் பறவைகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. இன்று டர்பனிலோ பிரிட்டோரியாவிலோ கூண்டில் இருக்கும் லாங்டெயிலும், இன்னொரு ஆஸ்திரேலியக் குருவியான கோல்டியனும் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த வம்சம். இங்கே கெட்டுப்போனால் அங்கிருந்து புதிதாகக் கொண்டுவந்து சரிசெய்ய வழியில்லை. என் மூன்று வருட உழைப்பு போனது எனக்குப் பெரிதல்ல. அந்த வம்சத்தில் ஒரு கிளை போய்விட்டதே, அது இன்றும் உறுத்துகிறது.

கானரி என்ற கூண்டுக் குருவிக்குச் சிவப்பு நிறம் கலப்பில்தானே வந்தது என்றும் சிலர் வாதாடுவார்கள். உண்மைதான், 1920-களில் ஜெர்மனியில் ரெட் சிஸ்கின் குருவியோடு சேர்த்து உண்டாக்கிய நிறம் அது. ஆனால் அந்த ஆசைக்காக வெனிசுவேலாவில் ரெட் சிஸ்கினை வலைபோட்டுப் பிடித்துப் பிடித்து, இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டிலேயே பாருங்கள். குளத்து அழகுக்காகக் கொண்டுவந்த மல்லார்ட் வாத்து வெளியேறி, நம் மஞ்சள் அலகு வாத்தோடு சேர்ந்து, பிறப்பதும் இனவிருத்தி செய்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பறவை வளர்ப்பவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் "சுத்த ரத்தம்" என்ற வார்த்தை என் வாயில் வராது. 1949-ல் வெள்ளையருக்கும் மற்றவருக்கும் இடையிலான கலப்புத் திருமணத்தைத் தடைசெய்து சட்டம் போட்ட நாடு இது. அடுத்த வருடமே இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரில் இருந்த என் தாத்தாவின் வீடும் மாமரமும் போய், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் நாங்கள் வந்து விழுந்தோம். ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் சாதியையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். மனிதர் எல்லோரும் ஒரே இனம். அதைப் பிரித்துத் தூய்மை பேசியது பொய், கொடுமை. குருவியின் கதை வேறு. எத்தனையோ லட்சம் வருடம் தனித்தனியாக நடந்து வந்த இரண்டு உயிர்வழிகளை என் சோம்பலால் ஒரு கூண்டில் குழப்பிவிட்டேன் என்பதுதான் என் மனவருத்தம். பிறந்த குஞ்சு எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல.

நாற்பது வருடமாகப் பறவை வளர்க்கும் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். "தம்பி, கழுத்தைத் திருகிப் போட்டுவிடு, யாருக்கும் தெரியாது" என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் அவர் பேச்சைக் கேட்க மாட்டேன். முட்டையாக இருந்தபோதே பிளாஸ்டிக் முட்டை மாற்றி வைத்திருக்கலாம். அடைகாத்துச் சலித்துப் பெட்டை தானே எழுந்திருக்கும். அதற்கான நாளை நான் கோட்டைவிட்டேன். இப்போது அவை மூச்சுவிடுகின்றன, கினிப்புல் கதிரைக் கொண்டுபோனால் இறக்கையை அடித்துக்கொண்டு கத்துகின்றன. என் தவறை மறைக்க அவற்றின் உயிரை எடுப்பதா?

நல்ல விலை தருவதாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர் அழைத்தார். அபூர்வ நிறமாம். கொடுக்க முடியாது என்றேன். கலப்பு என்று சொல்லியே விற்றாலும், இரண்டாவது கை மாறும்போது அந்தச் சொல் கூடவே போகாது. மூன்றுக்கும் தனிக் கூண்டு போட்டாயிற்று, தனித்துத் தெரிகிற நிறத்தில் கால் வளையமும் மாட்டியாயிற்று. ஆயுள் முடியும்வரை இங்கேதான் இருக்கும், கூடு வைக்க மாட்டேன். தாய்ப் பறவையை, ரெட்ஹெட் மட்டுமே வளர்க்கும் ஒருவரிடம், நடந்ததைச் சொல்லி ஒப்படைத்துவிட்டேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அந்த லாங்டெயில் குஞ்சுகளில் வால் நன்றாக இருந்த நான்கை, எனக்குச் சந்தேகம் வந்த பிறகும், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு அண்ணனுக்குக் கொடுத்தேன். அசலா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அவர் அவற்றிலிருந்து குஞ்சு எடுத்து எத்தனை பேருக்குக் கொடுத்தாரோ. அவருடைய எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிந்து அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து அழைக்கப் போகிறேன்.