காலை அஞ்சரை மணி டியூஷனை நிறுத்திவிட்டேன்

அம்பாசமுத்திரத்தில் பதினாறு வருஷமாக பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். காலை அஞ்சரை மணி பேட்ச் எப்போதும் உண்டு. இந்த மாதத்தோடு அதை நிறுத்திவிட்டேன். பரீட்சை நேரத்தில் ஏன் இப்படி என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு பையன் நோட்டின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டான். எழுப்பினால், லென்ஸ் சமன்பாட்டின் மை இடம் வலம் மாறிக் கன்னத்தில் ஒட்டியிருக்கிறது.

"ஏல, ராத்திரி எப்பம் படுத்த?"

"பத்தரைக்கே படுத்துட்டேன் சார். தூக்கம்தான் வரல. ஒரு மணி ஆயிட்டு."

அவன் அம்மாவைக் கேட்டால், "எல்லாம் போன்தான் சார். போர்வைக்குள்ள வெளிச்சம் தெரியுது" என்றார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

நம் விழித்திரையில், பொழுதை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமி, 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்குத்தான் அதிகம் மசியும். செல்போன் திரையில் அந்த நீலம் தாராளம். 'இன்னும் பகல்தான்' என்று சேதி போகிறது, தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகிறது. அமெரிக்காவில் 12 பேரைத் தூங்கப் போகும் முன் நாலு மணி நேரம் மின்நூல் கருவியில் படிக்க வைத்துப் பார்த்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த நாட்களைவிட மெலடோனின் ஒன்றரை மணி நேரம் பிந்தியது. ஆனால் தூக்கம் வரக் கூடுதலாக ஆனது பத்து நிமிஷம்தான். அதனால் பழி முழுவதையும் வெளிச்சத்தின் மேல் போட எனக்கு மனசில்லை. அடுத்த வீடியோ, நண்பனின் பதில் என்று மனசை விழிக்க வைப்பதும் அதே போன்தான்.

பருவ வயதில் உடம்பின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. இது சோம்பேறித்தனம் இல்லை, வளர்ச்சி. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரு மணிக்குத் தூங்கியவனை நாலே முக்காலுக்கு எழுப்பியது நான்தானே? உயர்நிலைப் பள்ளியைக் காலை 8.30க்கு முன் தொடங்கக்கூடாது என்று கலிபோர்னியாவில் 2022 முதல் சட்டமே இருக்கிறது.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் ஆச்சி வீட்டில் விளக்கு வைத்த பிறகு ஒரு குண்டு பல்புதான். விடிந்ததும் ஆற்றுக்குப் போய்விடுவோம். பிந்தும் கடிகாரத்தை முன்னே இழுப்பது அந்தக் காலை வெளிச்சம்தான். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டு டியூப்லைட் சில நூறு லக்ஸ் தந்தால் பெரிது. மேகம் மூடியிருந்தாலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். என் அஞ்சரை மணி வகுப்பில் இருந்ததோ டியூப்லைட் மட்டும்.

சரி, இனி வகுப்பு சாயங்காலம் அஞ்சரைக்கு. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனையும் அடுப்படியில் சார்ஜில் போட்டுவிடுங்கள், உங்கள் போனையும் சேர்த்து. அப்புறம், காலையில் பிள்ளைக்குக் காபியை உள்ளே கொடுக்காமல் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், கொடுத்துவிடுங்கள்.