வெள்ளி விழா மலரா, பதவிப் பட்டியலா?

மார்கழி பிறந்தால் காரைக்குடிப் பக்கத்து மண்டபங்கள் காலி. முகூர்த்தம் கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு லீவு, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள (மாவில் நூல் திரியை ஏற்றிச் சுடரோடு உண்பது) எப்படியும் ஊருக்கு ஆள் வந்து சேரும். கல்லூரி பேட்ச் சந்திப்புக்கு இதைவிட்டால் நாள் ஏது? நடக்கட்டும். வெள்ளைப் பணியாரமும் காரச்சட்னியும் போடட்டும், பழைய வாத்தியார்களுக்குப் பொன்னாடை போர்த்தட்டும். அதிலெல்லாம் சண்டை இல்லை. ‘25 ஆண்டுகளுக்குப் பின் நாம்’ என்று வழவழ தாளில் ஒரு மலர் அடித்துக் கையில் திணிக்கிறார்களே, சண்டை அதோடுதான்.

பிரித்தால் வைஸ் பிரசிடெண்ட், சீனியர் ஆர்க்கிடெக்ட், டைரக்டர், மறுபடி ஒரு வைஸ் பிரசிடெண்ட். (வங்கிகளில் வைஸ் பிரசிடெண்ட் என்பவர் ஒரே தளத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார். ஊரில் இருக்கிற அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, அது தெரியாது என்ற தைரியத்தில் கொட்டை எழுத்தில் போடுவது.) 120 பேர் படித்த பேட்ச் என்றால் மலரில் 70 பேர் தேறினாலே அதிசயம். மீதிப் பேர் எங்கே என்று கேட்டால் ‘தகவல் தரலைங்க’ என்று ஒரு பதில். தரவில்லையாம்! தர வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பியது நீங்கள் போட்ட படிவமும் நீங்கள் எடுத்த பட்டியலும்தானே?

பட்டியலிலிருந்தே வருவோம். முதலாண்டு குரூப் போட்டோவை வைத்து ஆள் தேட ஆரம்பித்தால் டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் ஒருத்தர்கூட அதில் இருக்க மாட்டார்கள். பட்டமளிப்புப் பட்டியலை எடுத்தால், அரியர் வைத்து அடுத்த வருஷம் எழுதி முடித்தவர்கள் ஜூனியர் பேட்ச் கணக்கில் போயிருப்பார்கள். ஹாஸ்டல் கூட்டாளிகளை வைத்துத் தொடங்கினால் தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனவர்கள் காலி. குடும்பக் கஷ்டத்தில் மூன்றாம் ஆண்டோடு நின்றுபோனவன் பெயர் இதில் எதிலுமே வராது. ‘அவன் எப்படி இருக்கான்’ என்று முதலில் கேட்க வேண்டியதே அவனைப் பற்றித்தான். துறைவாரியாக முதலாண்டு, இரண்டாமாண்டு, இறுதியாண்டு என்று மூன்று நாமினல் ரோலையும் (கல்லூரியின் மாணவர் பெயர்ப் பட்டியல்) எடுத்துப் பதிவெண் வரிசையில் ஒன்றாக அடுக்கினால் இத்தனை பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் தீருகிற வேலை. அதைச் செய்யாமல், வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே இருக்கிறவனுக்கே ‘விவரம் அனுப்பவும்’ என்று நூறு முறை நினைவூட்டல் போட்டால் விடுபட்டவன் காதில் எப்படி விழும்?

இதில் பெயரை நம்பி வேறு வேலை செய்கிறார்கள். ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கிற சீமை இது. ஒரே வகுப்பில் மூன்று சொக்கலிங்கம், நாலு பழனியப்பன், இரண்டு மீனாட்சி. கல்யாணமான பெண்களுக்கு இன்ஷியலே மாறிவிடும். பதிவெண் கேட்காமல் படிவம் விட்டால் இந்தச் சொக்கலிங்கத்தின் மகள் பரதநாட்டியப் படம் அந்தச் சொக்கலிங்கத்தின் பக்கத்தில் ஏறும். அவருக்கோ இரண்டும் பையன். கல்லூரியில் இருந்த பெயரும் இன்ஷியலும், துறை, பதிவெண், சொந்த ஊர், வீட்டு விலாசம் (முகவரி இல்லை, ‘மு.பழ.’ போல வீட்டைச் சொல்லும் தலைப்பெழுத்து) இவை கட்டாயம் வேண்டும்.

வீட்டு விலாசம் என்றதும் சிரிக்க வேண்டாம். லிங்க்ட்இன்னில் கிடைக்காத ஆள் அதில் கிடைப்பார். கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ ‘மு.பழ. வீடு’ என்று கேட்டால், வீடு பூட்டிக் கிடந்தாலும் பார்த்துக்கொள்கிற ஆள் ஒருத்தர் இருப்பார். பிள்ளைகள் எந்த ஊரில் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. கல்யாணமானால் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பக் கணக்கு, என்று எழுதி, கோயிலுக்குப் புள்ளி வரி பிரித்து, பாட்டையா காலத்து மொய் ஏட்டைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிற ஊர் இது. மற்றவர்களுக்கும் கடைத்தெரு, பள்ளிக்கூடம், டீக்கடை என்று விசாரிக்க இடமா இல்லை? ஒரு ஆள் பைக்கில் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். போக மாட்டோம். பெயரைத் தட்டித் தேடிவிட்டு ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிவிடுவோம்.

போன் நம்பர் கதை இன்னும் மோசம். 2000-ல் முடித்தவர்களின் ஆட்டோகிராஃப் நோட்டில் இருப்பது 04565 போட்ட லேண்ட்லைனும் ஒரு யாஹூ முகவரியும். ஆர்குட் 2014-லும் யாஹூ குரூப்ஸ் 2020-லும் மூடியாச்சு. அவற்றில் சேர்த்து வைத்த தொடர்பெல்லாம் அதோடு போச்சு. ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் தொடாமல் விட்டால் போன் கம்பெனி இணைப்பை எடுத்துவிடலாம். பிறகு அதே நம்பர் வேறொருவர் கைக்குப் போய்விடும். ‘மச்சான் எங்கடா இருக்கே’ என்று அனுப்பி, நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் ‘திமிர் புடிச்சவன்’ என்று முத்திரை குத்தாதீர்கள். அந்தப் பக்கம் வேறு யாரோ முழித்துக்கொண்டிருப்பார். நம்பரை எக்செல்லில் ஏற்றும்போது அந்தக் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டு ஏற்றுங்கள். இல்லையென்றால் 91 சேர்த்த பன்னிரண்டு இலக்கமும் 9.19E+11 என்கிற மாதிரி சுருங்கி நிற்கும், முன்னால் இருக்கிற சைபர் ஓடிப்போகும்.

இனி அந்தக் கூகுள் படிவம். வயிறு எரிவது இங்கேதான். மனைவி அல்லது கணவர் பெயர், அவர் வேலை, பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள், எங்கே செட்டில். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. விவாகரத்தானவர் அங்கே என்ன எழுதுவார்? கணவரை இழந்தவர்? பிள்ளையில்லாமல் பத்து வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர்? கல்யாணமே வேண்டாம் என்று இருக்கிறவர்? ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மூடிவிடுவார். அந்த மூடலுக்குத்தான் நீங்கள் ‘தகவல் தரவில்லை’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கேள்வியின் கீழே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, தள்ளினால் கட்டாயம் போய்விடும். குடும்பத்துக்கு ஒரே ஒரு பெட்டி போதும்: ‘வீட்டாரைப் பற்றிச் சொல்ல விரும்பினால்.’ போட்டோவையும் படிவத்திலேயே ஏற்றச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்தால் கூகுள் கணக்கில் உள்ளே நுழைந்தால்தான் படிவம் திறக்கும். ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்று வைத்தாலும் அதே கதி. கடவுச்சொல் மறந்தவர்கள் அந்த இடத்தோடு சரி.

ஊரிலேயே இருப்பவர்களை நடத்துகிற விதம் தனி அநியாயம். டல்லாஸில் இருக்கிறவருக்கு அரைப்பக்கம், அவர் வீட்டு நாய்க்குட்டியோடு படம். ஆத்தங்குடியில் டைல்ஸ் கொட்டகை நடத்துகிற மெக்கானிக்கல் பட்டதாரிக்கு இரண்டே சொல்: ‘சொந்தத் தொழில்’. கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, அச்சைக் கலங்காமல் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தொட்டித் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறவைத்து எடுக்கிற வேலை அது. மணல் மாறினால், பதம் கொஞ்சம் தப்பினால் கல் வெடிக்கும். அதைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த மலரிலேயே படிக்கத்தக்க பக்கம் அதுவாக இருந்திருக்கும். மின்வாரியத்தில் இருப்பவர், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர், மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்பவர், எல்லாருக்கும் இதே கதி. பெண்கள் பக்கத்தைப் பார்த்தால் கணவர் என்ன கம்பெனி என்பதுதான் முதல் வரி. வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பெண்ணுக்கு ‘இல்லத்தரசி’, முடிந்தது கதை. அவர் என்ன செய்கிறார், என்ன படிக்கிறார், மறுபடி வேலைக்குப் போக நினைக்கிறாரா என்று கேட்க ஒரு கட்டம்கூடக் கிடையாது.

பிள்ளைகள் செய்தி என்றால் நீட் மார்க், அப்புறம் ஜாதகம். சம்பந்தம் பேச எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று குரூப்பிலேயே விசாரணை தொடங்கிவிடும். அது அவரவர் வீட்டு விஷயம், தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

சாவுச் செய்தியில் நடக்கிற அலட்சியத்தைத்தான் சகிக்க முடியவில்லை. ‘நம்ம பழனியப்பன் தவறிட்டான்’ என்று ஒரு வரி வரும். எந்தப் பழனியப்பன்? கேட்க ஆளில்லை. எண்பது கைகூப்பு, நாற்பது கண்ணீர் ஸ்டிக்கர், பத்து நிமிஷத்தில் எவனோ ஒரு ஃபார்வர்ட் ஜோக். உயிரோடு இருக்கிற இன்னொரு பழனியப்பன் வீட்டுக்கு அதற்குள் போன் போய்விடும். குரூப்பில் போடும்முன் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்த வீட்டு மனிதரோடு பேசி உறுதி செய்ய வேண்டும். பிறகு இன்ஷியல், துறை, ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டார் சம்மதித்தால் ஒரு உறவினர் நம்பர். இவ்வளவும் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களாவது போய் நிற்பார்கள்.

நின்றுவிட்டு வந்தால் போதாது. வேலையில் இருக்கும்போதே இறந்த பி.எஃப். உறுப்பினரின் குடும்பத்துக்கு சேமிப்புத் தொகை, மாத ஓய்வூதியம், இவை போக இ.டி.எல்.ஐ. காப்பீடாக 7 லட்சம் ரூபாய் வரை உண்டு. சேமிப்புக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்குப் படிவம் 10-டி, காப்பீட்டுக்குப் படிவம் 5-ஐ.எஃப். நாமினி பெயர் ஏறாமல் கிடந்தால், பெயரில் ஒரு எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால், இழுத்தடிப்பு. கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினியை மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். பேட்ச்சில் பி.எஃப். விவரம் தெரிந்தவர், ஆடிட்டர், வக்கீல் யாராவது இருக்கத்தானே செய்வார்கள்? யார், எந்த ஊர், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று ஒரு பக்கம் போட்டிருந்தால் அந்த மலரை வீட்டில் பத்திரப்படுத்துவார்கள். வைஸ் பிரசிடெண்ட் படத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண் என்ன செய்வார்?

அச்சு விஷயத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும்; கடைசி நேரத்தில் இரண்டு வெள்ளைப் பக்கத்தை நிரப்பத்தான் கவிதை என்று எதையாவது போடுகிறார்கள். பாமினி என்கிற பழைய எழுத்துருவில் ஒருவர், யூனிகோடில் ஒருவர் என்று தட்டி அனுப்பினால் பாதி பக்கம் புரியாத எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும், எல்லாவற்றையும் முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய போட்டோ சுருங்கித்தான் வரும். அதை முழுப்பக்கத்துக்கு இழுத்தால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் தீர்ந்தது.

அச்சுக்குப் போக மூன்று வாரம் முன்பே அவரவர் பக்கத்தை அவரவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள், குரூப்பில் கொட்டாதீர்கள். ‘இதில் எதை எடுக்கணும்?’ என்று கேளுங்கள். ‘எதைச் சேர்க்கணும்’ என்று கேட்டால் இன்னொரு பதவிதான் வரும். பதில் வராதவருக்குப் பெயர், துறை, ஊர் மூன்றை மட்டும் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள். பக்கத்தில் ‘தகவல் தரவில்லை’ என்று எழுத வேண்டாம்.