கோப்பை எங்கே என்று கேட்டவர்களுக்கு

நேற்று ராத்திரி கால்பந்து மேட்ச் முடிந்ததும், அழகான ஆட்டம்தான் பெரிது என்று நான் வாதாடியது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். திரும்ப விளக்கப் போவதில்லை. "அழகா ஆடி என்ன புண்ணியம், கோப்பை எங்கே?" என்ற கேள்வியும், கூடவே எழுந்த சிரிப்பும் இன்னும் உறுத்துகின்றன.

எனக்கு ஆட்டத்தின் அழகுதான் பெரிது. வெற்றி அதற்கு அடுத்துதான்.

1982 உலகக் கோப்பையில் ஜீகோ, சாக்ரடீஸ், ஃபால்காவ் ஆடிய பிரேசிலுக்கு, இத்தாலியோடு டிரா செய்தாலே அரையிறுதி. 2-2 ஆன பிறகும் அவர்கள் பின்னால் போய் உட்காரவில்லை. இத்தாலியின் பாவ்லோ ரோஸி தன் மூன்றாவது கோலைப் போட்டார், பிரேசில் கதை முடிந்தது. முட்டாள்தனம் என்பீர்கள். சரி, 1994இல் இதே பிரேசில் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் 120 நிமிடம் ஒரு கோல் இல்லை, பெனால்டியில்தான் தீர்ந்தது. அந்த அணியில் கோல் போட்ட ரொமாரியோவை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் விடிய விடியப் பேச உட்கார்ந்தால் எந்த அணியைப் பற்றிப் பேசுகிறோம்?

"இது தோத்தவன் சொல்ற சமாதானம்" என்பார்கள். அப்படியென்றால் விதியை ஏன் மாற்றினார்கள்? 1990 உலகக் கோப்பையில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல்தான். ஒரு கோல் முன்னிலை கிடைத்தால் போதும், பந்தைக் கீப்பருக்குத் தள்ளுவது, அவர் கையில் எடுத்துக்கொண்டு நேரம் கடத்துவது, மறுபடி தள்ளுவது. பார்க்கிறவனுக்கு வெறுத்துப்போனது. 1992இல், சக வீரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்று விதி வந்தது. டிராவுக்காகவே ஆடுவதைக் குறைக்க, 1994 முதல் உலகக் கோப்பையில் வெற்றிக்கு 2 புள்ளி போய் 3 ஆனது. எப்படியாவது ஜெயித்தால் போதும் என்றால் இதெல்லாம் எதற்கு?

தடுப்பாட்டமும் அழகுதான் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதே 1994 இறுதியில், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த கையோடு வந்து இத்தாலியின் தடுப்பாட்டக்காரர் பரேசி ஆடியது அழகு. தோற்ற அணியில் ஆடியவர் அவர். 2004 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில், கிரீஸ் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்று வென்றது. அந்த உழைப்பை மதிக்கிறேன். அந்த மூன்றில் ஒன்றையாவது மறுபடி முழுசாக உட்கார்ந்து பார்த்தீர்களா?

தோற்றால் கோச்சுக்கு வேலை போய்விடும் என்பது வேறு விஷயம். அது அவர் கவலை. ரசிகன் ஏன் அதைத் தலையில் தூக்கிக்கொள்ள வேண்டும்?

பள்ளி அணியில் எனக்குப் பதினான்கு வயது. ஓரமாகப் பந்தை எடுத்துப்போய் ஒருவனைத் தாண்டினேன், அடுத்தவனையும் தாண்டினேன், மூன்றாமவனிடம் பறிகொடுத்தேன். உடனே வெளியே கூப்பிட்டார்கள். "வித்தை காட்டாதே, தூக்கி அடி." அன்று 1-0 என்று ஜெயித்தோம். அப்புறம் இரண்டு வருடம் வந்த பந்தையெல்லாம் தூக்கித்தான் அடித்தேன். கோப்பைகூட வாங்கினோம். இறுதி ஆட்டத்தில் யாரோடு மோதினோம் என்பதே நினைவில் இல்லை. ஆனால் அந்த இரண்டு பேரை எந்தப் பக்கமாகத் தாண்டினேன் என்று இப்போதும் கண்ணை மூடிச் சொல்வேன்.

அன்று எனக்குப் பின்னால் "போடா, போ போ" என்று கத்திக்கொண்டே ஓடிவந்த ரைட் பேக்தான், எங்கள் வலது பக்கத் தடுப்பாட்டக்காரன்தான், நேற்று முதலில் சிரித்தவன்.