மூன்று நாளும் வடமராட்சியிலேயே

கொழும்பிலிருந்து விடுமுறைக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் போகும் நம்மவர்களின் பயணத் திட்டத்தைக் கேட்டாலே எனக்குக் களைப்பு வந்துவிடுகிறது. வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து விடியற்காலையில் இறங்கி, குளித்த கையோடு வான் பிடித்து நல்லூர், கோட்டை, கீரிமலை, கசூரினா கடற்கரை, நயினாதீவு என்று இரண்டு நாளில் ஓடி முடித்து, பினாட்டும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு திரும்பி, மறுநாள் அலுவலகத்தில் தூங்கி வழிகிறோம். இதை ஓய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடந்த மாசியில் நாங்கள் பருத்தித்துறையில் தங்கி, மூன்று நாளும் குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியான வடமராட்சியை விட்டு வெளியேறாமல், வெயில் ஏறுமுன் கால்நடையாகவே சுற்றினோம். முதல் நாள் வல்லிபுர ஆழ்வார் கோயிலடியிலிருந்து கடலுக்கு நடந்தோம். புரட்டாதிப் பௌர்ணமியன்று கடல் தீர்த்தத்துக்குச் சனம் அலைமோதும் அந்த வழியில் எங்களைத் தவிர இரண்டு மாடுகளே நின்றன. 1936 இல் பழைய எழுத்துப் பொறித்த பொன்னேடு கண்டெடுக்கப்பட்ட ஊர் இது என்று மகளுக்குச் சொன்னேன். அவளுக்கோ ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால் மணலில் புதைவதுதான் பெரிய செய்தியாக இருந்தது.

மறுநாள் மணற்காடு. காற்று கொண்டுவந்து குவித்த மணல் அங்கே பழைய தேவாலயம் ஒன்றையே பாதி விழுங்கியிருக்கிறது. கூரையற்ற சுவர்கள் மட்டும் மேட்டுக்கு மேலே தெரிகின்றன. மணலை மறிக்க நட்ட சவுக்கு இப்போது காடாகிவிட்டது. கரையில் அடம்பன் கொடி ஊதாப் பூவுடன் படர்ந்திருக்க, இராவணன் மீசை என்ற கரையோரப் புல்லின் முட்பந்து ஒன்று கழன்று ஈரமணலில் சில்லுப் போல உருண்டோடியது. மகள் அதை நெடுந்தூரம் துரத்தினாள். வான் பிடித்துப் போயிருந்தால் அந்த இடத்தில் படம் எடுக்கப் பத்து நிமிடம் கிடைத்திருக்கும். சவுக்கின் கீழே உடைந்த போத்தல்கள் கிடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அவை எங்களை வெறுங்காலுடன் நடக்க விடவில்லை.

மூன்றாம் நாள் கடலை விட்டு, பனைகளுக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் நடுவே ஒழுங்கைகளில் திரிந்தோம். படலையடியில் நின்ற ஓர் அம்மா, "நீங்கள் ஆற்றை ஆக்கள்?" என்று, யாருடைய சொந்தக்காரர் என்ற கருத்தில், கேட்டார். அதற்கு மறுமொழி சொல்லி முடிக்க அரை மணித்தியாலமும் பனங்கட்டியோடு இரண்டு தேநீரும் ஆயிற்று.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த நடை சரிவராது. மழையும் கொந்தளிக்கும் கடலும் விடமாட்டா. சித்திரை வெயிலிலோ ஒன்பது மணிக்கே மணல் சுடும். தை, மாசிதான் என் தெரிவு.

அடுத்த முறை நெடுந்தீவுக்குப் போகலாம் என்கிறார் மைத்துனர். காலைப் படகில் போய்ப் பின்னேரம் திரும்பிவிடலாமாம். இரவு அங்கே தங்குவதென்றால் மட்டும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.