கிரிமினல் வழக்கு இனி எழுத்தில் மட்டுமா? இல்லை

"தேங்கிய வழக்குகளைக் குறைக்க, இனி கிரிமினல் வழக்குகளில் நேரடி விசாரணை கிடையாது, இரு தரப்பும் எழுதிக் கொடுத்தால் தீர்ப்பு" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 530-வது பிரிவு, விசாரணையை மின்னணு முறையில் நடத்தலாம் என்கிறது. அது வீடியோ வழி; எழுத்து வழி அல்ல. குழப்பம் இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். சாட்சியத்தைக் குற்றம்சாட்டப்பட்டவர் முன்னிலையில்தான் பதிய வேண்டும் என்ற பொது விதி 308-வது பிரிவில் அப்படியே இருக்கிறது. வீடியோவில் அவர் பார்ப்பதும் முன்னிலைதான்.

எழுத்துக்கு இடமுண்டு, சிறிய அளவில். ரூ. 5,000-க்கு மிகாத அபராதம் மட்டுமே தண்டனையான சில்லறைக் குற்றங்களில், சம்மன் வந்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தபாலில் எழுதி, அபராதம் கட்டலாம் (பிரிவு 229). சம்பிரதாயமான சாட்சியங்களுக்குப் பிரமாணப் பத்திரம் போதும். அதைத் தந்தவரையும், வழக்கின் தரப்பினர் கேட்டால் கோர்ட் அழைத்தே ஆகவேண்டும் (பிரிவு 332). "இருட்டில் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள்?" என்ற குறுக்கு விசாரணைக் கேள்விக்குத் தடுமாறுவது ஆள்தான், காகிதம் தடுமாறாது.

சட்டத்தின் முழு வாசகம் மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாக உள்ளது. அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரண்ட் வரலாம். தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.